மாடி போர்ஷன், குரோம்பேட்டை ஃபிளாட், ஒரு நீள நோட்டு: வாடகை வீட்டை நடத்தும் கணக்கு

போன மாதம் என்னோடு பள்ளியில் வேலை பார்த்த தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். ஓய்வுப் பணம் 38 லட்சம் வங்கியில் கிடக்கிறதாம். "ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டுட்டா மாசாமாசம் பணம் வந்துடும்ல? நீ இருபது வருஷமா விடுறியே, எப்படின்னு சொல்லு" என்றாள். பீரோவிலிருந்து என் நீள நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வரை பேசினோம். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கணக்கு டீச்சர். தாம்பரம் பக்கம் சேலையூரில் 1998-ல் கீழ்த்தளம் கட்டிக் குடிவந்தோம். 2003-ல் மேலே இரண்டு போர்ஷன் எடுத்தோம். பின்பக்கம் ஓர் அறை, சமையலறை, குளியலறையோடு சின்னதாக இன்னொரு போர்ஷன். 2014-ல் குரோம்பேட்டையில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். ஆக நான்கு குடித்தனம். வந்த வாடகை, போன செலவு, பூட்டிக் கிடந்த மாதம் என்று 2003 முதல் எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது.

முதலில் வகுத்துப் பாருங்கள்

ஒரு வருட வாடகையை, வீட்டுக்கு மொத்தமாகப் போன பணத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் வீடு வாங்கும் ஆசையில் இருக்கும்போது யாரும் இதைப் போடுவதில்லை, நானும் போடவில்லை.

குரோம்பேட்டை ஃபிளாட் 780 சதுர அடி, முதல் மாடி. விலை 42 லட்சம். பதிவுச் செலவு, மின் இணைப்பு, மர வேலை எல்லாம் சேர்ந்து 46 லட்சத்தில் வந்து நின்றது. முதல் வாடகை 11,500. வருடத்துக்கு 1,38,000. அதாவது 3 சதவீதம். சொத்து வரி, ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது, குழாய் வேலை எல்லாம் போக அந்த வருடம் கையில் நின்றது 1,14,000. இரண்டரை சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. அதே வருடம் வங்கி வைப்புக்கு 9 சதவீதம் அளவுக்கு வட்டி கிடைத்துக்கொண்டிருந்தது.

போதாததற்கு 20 லட்சம் கடன். வட்டி 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், 20 வருடத் தவணை. மாதம் 19,500 கட்ட வேண்டும், வாடகையோ 11,500. மீதி 8,000 என் சம்பளத்திலிருந்து போனது. "வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும்" என்று யாராவது சொன்னால், பேப்பரும் பேனாவும் எடுத்து அவர் முன்னாலேயே வகுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது 2003 பக்கத்துக்கு வாருங்கள். மாடியில் இரண்டு போர்ஷன் எடுக்க 9 லட்சம் ஆனது. வாடகை தலா 3,000, வருடத்துக்கு 72,000. முதல் வருடமே 8 சதவீதம். மனை ஏற்கெனவே நம்முடையது, போட்டது கட்டடப் பணம் மட்டும். அதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். இன்று அதே இரண்டு போர்ஷனும் தலா 12,000-க்குப் போகின்றன.

அதனால் தோழியிடம் முதலில் கேட்டது, "உன் வீட்டு மொட்டை மாடி சும்மாதானே கிடக்கு?" என்பதுதான். சொந்த மனையில் இடம் இருப்பவர்கள் ஃபிளாட் விளம்பரம் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து, அடித்தளமும் தூண்களும் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று பார்த்துவிடுங்கள். தாங்கும் என்றால் திட்ட அனுமதி வாங்கிக் கட்டுங்கள். அனுமதி இல்லாமல் எழுப்பிய மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்குவதிலேயே தலைவலி தொடங்கிவிடும். பிற்பாடு விற்கவோ அடமானம் வைக்கவோ போனால் அங்கேயும் வந்து நிற்கும்.

ஃபிளாட்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறோம், வாடகை அதற்கு ஒரு துணை என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கட்டடம் பழசாகும், ஏறுவது மனைதான். எனவே பிரிபடாத மனைப்பங்கு, யுடிஎஸ் என்பார்களே, அது எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். நூறு வீடு அடுக்கிய கட்டடத்தில் நீச்சல் குளம் இருக்கும், உங்கள் பங்கு மனை ஒரு கார் நிறுத்தும் அளவுதான் இருக்கும்.

நவம்பரில் போய்ப் பாருங்கள்

2014 கோடையில், குரோம்பேட்டைக்கு முன்னால், முடிச்சூரில் ஒரு வீடு பார்த்தோம். விலை குறைவு, பெரிய ஹால், நல்ல காற்று. முன்பணம் கொடுக்கக் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டோம். தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் அண்ணன் ஒருவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "வாங்குறது வாங்குங்கம்மா, ஆனா நவம்பர்ல ஒருக்கா வந்து பாருங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எதிர்ச் சுவரைக் காட்டினார். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு சுவர் நெடுக ஓடியது.

2015 டிசம்பர் மழையில் அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அந்த அண்ணன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. தரைத்தளம் ஒரு தடவை மூழ்கினால் குடியிருந்தவர்கள் போய்விடுவார்கள். அடுத்து வருபவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வாடகை பேசுவார்கள். மழைக்காலத்தில் பார்க்க முடியாவிட்டால் இஸ்திரிக்காரர், பால் போடுபவர், தெருமுனை மளிகைக் கடை இந்த மூன்று பேரிடமும் கேட்டுவிடுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

அப்புறம், யார் குடிவருவார்கள் என்று யோசித்து வாங்குங்கள். எங்கள் பக்கத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், விமானப்படைத் தளம், கிறித்துவக் கல்லூரி, சானடோரியம் மருத்துவமனை என்று ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள சின்ன வீடு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய வீட்டைவிட சீக்கிரம் போகும். என் அனுபவத்தில் 600 முதல் 800 சதுர அடி வீடுகள்தான் பூட்டிக் கிடப்பதில்லை.

பத்திர விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டுவது), பட்டா, கட்டடத் திட்ட அனுமதி தரும் அரசு அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபியின் அனுமதி வரைபடம், இந்த நான்கும் ஒரு வழக்கறிஞர் கண்ணில் படாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே காசில்லாமல் பார்க்கலாம், முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்று ஒதுக்கிவையுங்கள். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் எழுதும் விலை, இரண்டில் எது அதிகமோ அதன் மேல் இந்தக் கணக்கு. கட்டுபவரிடம் நேரடியாக வாங்கும் புது ஃபிளாட்டுக்குத் தீர்வை இதைவிடக் குறைவு. மேலே சொன்ன வகுத்தல் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

அட்வான்ஸ் உங்கள் பணம் இல்லை

2009-ல் மாடி போர்ஷனில் மத்திய அரசு வேலையில் இருந்த ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். வாடகை 5,000, அட்வான்ஸ் பத்து மாதம், 50,000. அந்தக் காலத்தில் சென்னையில் அதுதான் பேச்சு. அந்த வருடம் மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டியிருந்தது. அட்வான்ஸ் பணம் கையில் இருக்கிறதே, திருப்பிக் கொடுக்கிறபோது பார்த்துக்கொள்வோம் என்று எடுத்துக் கட்டிவிட்டேன். மூன்று மாதம் கழித்து அவருக்கு நாக்பூர் மாற்றல் வந்தது. சாமான் லாரியில் ஏறுகிறது, அவர் மனைவி கைக்குழந்தையோடு வாசலில் நிற்கிறாள், என்னிடம் பணம் இல்லை. "சாயங்காலம் தர்றேம்மா" என்று சொல்லிவிட்டு, சங்கிலியை அடகு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ரயிலுக்கு நேரமாகிறது என்று அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு குடித்தனத்தின் அட்வான்ஸும் தனித்தனி வைப்புநிதியில் இருக்கிறது. ரசீதின் மேல் எந்த போர்ஷன் என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். வட்டி எனக்கு, அசல் அவர்களுக்கு. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கட்டாயம் கடைப்பிடியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது சட்டமும் மாறிவிட்டது. 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், தமிழ்நாட்டில் 2017-ம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. நான் மூன்று மாதம்தான் வாங்குகிறேன். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அதற்கு அரசு இணையதளம் இருக்கிறது, 90 நாள் அவகாசம். "11 மாசம்தானே, பதிவு எதுக்கு?" என்பார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து வந்தது அந்த 11 மாதப் பழக்கம். புதிய சட்டத்தின் பதிவு வேறு, அது 11 மாத ஒப்பந்தத்துக்கும் உண்டு. பின்னால் ஒரு தகராறு என்று போய் நின்றால் முதலில் கேட்பது அந்தப் பதிவு எண்ணைத்தான்.

மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு லீசுக்கு, அதாவது போக்கியத்துக்கு விடும் வழக்கமும் இங்கே உண்டு. நான் விடுவதில்லை. எட்டு லட்சம் கைக்கு வரும், செலவாகிவிடும், மூன்று வருடத்தில் எட்டு லட்சமாகத் திருப்பித் தர வேண்டும். அட்வான்ஸ் கதையே பெரிதாக நடக்கும், அவ்வளவுதான். "வீட்டை எங்களிடம் விடுங்கள், மாத வாடகை எங்கள் பொறுப்பு" என்று வரும் இடைத்தரகர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். உங்களிடம் வாடகைக்கு எடுத்து, உங்களுக்கே தெரியாமல் இன்னொருவரிடம் லீசுப் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்கள் சென்னையில் உண்டு. வீட்டுக்காரர், குடியிருப்பவர் இரண்டு பேரும் சேர்ந்து காவல் நிலையத்தில் நிற்க வேண்டியதாகிவிடும். எனவே குடிவருபவரை நேரில் பாருங்கள், வாடகையை அவர் கணக்கிலிருந்தே உங்கள் கணக்குக்கு வாங்குங்கள்.

யாரைக் குடிவைப்பது, எப்போது

நான் கேட்பது மூன்று கேள்விகள். எங்கே வேலை, எத்தனை பேர் இருப்பீர்கள், இப்போது இருக்கும் வீட்டை ஏன் காலி செய்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் ஆள் தெரியும். பழைய வீட்டுக்காரரைப் பத்து நிமிஷம் திட்டுபவர் நாளை என்னையும் திட்டுவார். "பிள்ளைக்கு ஸ்கூல் தூரம்" என்பவர் பள்ளி முடியும் வரை இருப்பார்.

என்ன சாதி, என்ன மதம், கறி சமைப்பீர்களா என்று கேட்பதில்லை. என் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியோடு நல்ல குடித்தனங்கள் வாசலோடு திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஒருவருடைய வீடு அது. உள்ளே என்ன சமைக்கிறார்கள் என்பது அவர்கள் பாடு. கல்லூரிப் பையன்கள் என்றாலே பயப்படுபவர்கள் உண்டு. பின் போர்ஷனில் மூன்று பையன்கள் நான்கு வருடம் இருந்தார்கள், ஒரு மாதம் வாடகை தள்ளிப்போனதில்லை. பெற்றோரை ஒரு தடவை வரவழைத்துப் பேசிவிட்டேன், அவ்வளவுதான் செய்தது. ஆதார் நகல், புகைப்படம், சொந்த ஊர் முகவரி வாங்கி, விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். 2012-ல் வேளச்சேரியில் வாடகை வீட்டில் தங்கியிருந்த, வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேரைப் போலீசார் சுட்டுக்கொன்ற சம்பவத்துக்குப் பிறகு சென்னையில் வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டியதாயிற்று. நல்ல குடித்தனக்காரர் யாரும் இதற்குத் தயங்கி நான் பார்த்ததில்லை.

காலம் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஜனங்கள் பால் காய்ச்ச மாட்டார்கள். ஜூலை முதல் வாரம் வீடு காலியானால் அடுத்தவர் ஆவணியில்தான் வருவார். டிசம்பர் நடுவில் காலியானால் தை பிறக்கும் வரை பூட்டுதான். என் நோட்டில் பூட்டிக் கிடந்த மாதங்களில் முக்கால்வாசி இந்த இரண்டும்தான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு வருடம் ஆனது! அதன் பிறகு ஒப்பந்தங்களை ஜூனில் தொடங்குமாறு வைத்துக்கொண்டேன். 11 மாதம் ஏப்ரல் கடைசியில் முடியும். போகிறவர்கள் பள்ளி விடுமுறையில் போவார்கள், வருகிறவர்கள் பள்ளி திறக்குமுன் வந்துவிடுவார்கள். யாராவது ஆடிக்கு முன்னால் காலி செய்ய வேண்டிய நிலை வந்தால், "வைகாசியிலயே சொல்லிடுங்கம்மா" என்று முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன்.

சாவி கொடுக்கிற அன்று குடிவருபவரோடு அறை அறையாக நடப்பேன். மின்விசிறி நான்கு, டியூப் லைட் மூன்று, கீசர் ஒன்று, வாசல் சாவி இரண்டு, கொல்லைச் சாவி ஒன்று, மீட்டர் ரீடிங் இவ்வளவு. அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லி இருவரும் கையெழுத்து. சுவரில் ஆணி ஓட்டை, டைல்ஸ் விரிசல் எல்லாவற்றையும் அவர் போனில் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். தேதியோடு இரண்டு பேரிடமும் இருக்கும்.

ரிப்பேர்

இதில்தான் வாடகை வீட்டின் முழுக் கணக்கும் இருக்கிறது.

2011 ஏப்ரல். விடைத்தாள் திருத்தும் பணியில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தேன். மாடியில் இருந்த பெண் படியிறங்கி வந்து, "டீச்சரம்மா, பாத்ரூம் டைல்ஸ் இடுக்குல சிமெண்ட் போயிருக்கு, தண்ணி உள்ள இறங்குற மாதிரி இருக்கு, ஆளை விட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். ஆகட்டும்மா என்றேன். மறுபடி ஜூனில் சொன்னாள். பிளம்பர் அண்ணனைக் கேட்டதற்கு, இடுக்கைச் சுரண்டி எபாக்சி அடைக்க 1,800 ஆகும் என்றார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் கீழே எங்கள் பூஜை அறை சீலிங்கில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சள் கறை வந்தது. சில நாளிலேயே சாப்பாட்டுத் தட்டு அளவு. தொட்டுப் பார்த்தால் பூச்சு ஈரத்தில் பஞ்சு மாதிரி அழுந்தியது. தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் ஒரு கை அகலத் துண்டு பெயர்ந்து விளக்கின் மேல் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன், உள்ளே கம்பி தெரிந்தது. செந்துருவாக, தொட்டால் உதிரும் நிலையில். மாடி பாத்ரூம் தளத்தை முழுக்க உடைத்து, ட்ராப் மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் போட்டு, கீழே கம்பியைச் சுத்தம் செய்து பூசி முடிக்க 41,000 ஆனது. வேலை நடந்த பன்னிரண்டு நாளும் மேலே இருந்தவர்கள் எங்கள் குளியலறைக்கு வந்து போனார்கள். அவள் ஒரு தடவைகூட "அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. அந்த மாத வாடகையில் பாதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

குடியிருப்பவர் ஒரு குறை சொன்னால் 48 மணி நேரத்துக்குள் ஆள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இப்போது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. சொல்பவருக்கு நன்றி சொல்லுங்கள். அவர்தான் உங்கள் சொத்தை உங்களுக்காகப் பார்த்துக்கொள்கிறார். சொல்லாமல் இருக்கும் வீட்டைத்தான் நான் நினைத்துக் கவலைப்படுவேன். அதனால் வருடத்தில் இரண்டு தடவை, முந்தின நாளே சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பார்க்கிறேன். சொல்லாமல் போய் நிற்கக் கூடாது. சட்டமும் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்கத்தான் சொல்கிறது.

யார் செலவு என்ற சண்டைக்கும் அந்தச் சட்டத்தின் பட்டியலே பதில் தருகிறது. கட்டட வேலை, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் இவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர் ரிப்பேர், தாழ்ப்பாள், கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு இவை குடியிருப்பவர் பொறுப்பு. இதை அப்படியே ஒப்பந்தத்தின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.

நான் முன்கூட்டியே செய்து வைத்த சில வேலைகள் பணத்தை மிச்சப்படுத்தின. குளியலறைக் கதவு அடியில் உளுத்துப்போகும், எல்லாவற்றையும் பிவிசி ஆக்கிவிட்டேன். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்காமல் சரிவு சரிபார்க்க ஒவ்வொரு ஆவணியிலும் ஒருவர் வருவார், கூடவே மழைநீர்க் குழாய் வாயில் அடைத்த இலையையும் எடுப்பார். மேல்தொட்டியும் சம்பும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழுவப்படும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஆர்சிசிபி. மின்கசிவு வந்தால் கண நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. குளியலறையில் கீசர், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கும் காலம் இது. ஒரு குழந்தை உயிரோடு சம்பந்தப்பட்டது. மாதம் ஒரு தடவை அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கக் குடியிருப்பவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தண்ணீர், கரண்ட்

ஒரே காம்பவுண்டுக்குள் சண்டை வருவது இந்த இரண்டில்தான். முடிந்தவரை ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு வாங்குங்கள், அவர்களே கட்டிக்கொள்வார்கள். பின் போர்ஷன் மட்டும் என் இணைப்பிலிருந்து சப் மீட்டரில் ஓடுகிறது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று தோராயமாக ஒரு விலை வைத்து வாங்குபவர்கள் உண்டு. நான் இரண்டு மாத பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, அவர்கள் யூனிட்டால் பெருக்குகிறேன். முதல் 100 யூனிட் இலவசத்தில் அவர்களுக்கும் பங்கு போய்விடுகிறது. பில்லைப் படம் எடுத்து அனுப்பிவிடுவேன். இதில் பத்து ரூபாய் லாபம் பார்க்கப் போனால் நம்பிக்கை போய்விடும்.

2019 கோடையில் போர் வற்றி, லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளித்தோம். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தபோது இரண்டு பேர் இருந்த வீட்டில் முணுமுணுப்பு, ஐந்து பேர் இருந்த வீட்டில் சந்தோஷம். ஆள் கணக்கில் பிரித்த பிறகு பேச்சு நின்றது. மோட்டார் ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் தொங்கவிட்டேன். லாரி வந்த தேதி, கொடுத்த தொகை எல்லாரும் பார்க்கலாம். அந்த நோட்டு இப்போதும் தொங்குகிறது.

வாடகை ஏற்றுவது

ஒரு வீட்டு வாடகை 12,000. இருப்பவரிடம் 2,000 ஏற்றிக் கேட்கிறீர்கள், அவர் போய்விடுகிறார். புதியவர் 14,000 தருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 24,000 கூடுதல். ஆனால் ஒரு மாதம் பூட்டு 12,000. வெள்ளையடிக்க, சின்ன வேலைகள் பார்க்க 18,000. தரகர் மூலம் வந்தால் அது தனி. முதல் வருடம் நட்டம்தான். அதே ஆளிடம் 600 ஏற்றினால் வருடத்துக்கு 7,200, செலவு ஒரு பைசா இல்லை. நான் வருடம் 5 சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். மாடி போர்ஷன் ஒன்றில் ஒரு குடும்பம் பதினொரு வருடம் இருந்தது. நோட்டில் மிக லாபமான பக்கம் அதுதான்.

வாடகை வராதபோது

மாதம் 5-ம் தேதி வாடகை. 8-ம் தேதி வரை ஒன்றும் கேட்பதில்லை. 9-ம் தேதி போன் செய்து, "என்னப்பா, ஏதாவது கஷ்டமா?" என்று கேட்பேன். பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். 2020 ஊரடங்கில் மாடித் தம்பிக்கு மூன்று மாதம் சம்பளம் இல்லை. ஒரு தாளில் நிலுவையை எழுதி, மாதம் 2,000 சேர்த்துத் தருவது என்று பேசிக்கொண்டோம். கடைசித் தவணை கட்டிய அன்று அவன் இனிப்போடு வந்தான்.

எல்லாரும் அப்படி இல்லை. பின் போர்ஷனில் ஒருவர் நாலு மாதம் இன்று நாளை என்றார். "தண்ணியை நிறுத்துங்க, தானா போவான்" என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் நிறைய. அதைச் செய்யாதீர்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதைச் சட்டம் தடுக்கிறது. அந்த வீட்டில் ஒரு வயதான அம்மாவும் இருந்தார். வாடகை இரண்டு மாதம் நிலுவையில் நின்றால் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, பிறகும் தராவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது. நான் அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, கூடவே அவரை உட்கார வைத்துப் பேசினேன். அட்வான்ஸில் மூன்று மாதம் கழிந்தது, ஒரு மாதத்தை விட்டுக்கொடுத்தேன், பத்து நாளில் காலி செய்தார். ஒரு மாத வாடகை போனது வலித்ததுதான். ஆனால் வழக்கென்று போயிருந்தால் அதற்குள் அதைவிட அதிகம் போயிருக்கும்.

வரி

வாடகையை ரொக்கமாக வாங்கி மறைக்கும் வேலை வேண்டாம். சட்டப்படியே நல்ல சலுகை இருக்கிறது. குரோம்பேட்டை வாடகை இப்போது 18,000, வருடத்துக்கு 2,16,000. கட்டிய சொத்து வரி 3,000 கழித்தால் 2,13,000. அதில் 30 சதவீதம், 63,900, பராமரிப்புக்கென்று தானாகவே கழியும். செலவு செய்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. மீதி 1,49,100-தான் வருமானத்தில் சேரும். கடன் இருந்தால் வட்டியும் கழியும். ஆனால் புதிய வரி முறையில், வட்டி அதிகமாகி நட்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாதம் முடியுமுன் கட்டிவிட்டால் 5 சதவீத ஊக்கத்தொகை கிடைக்கும்.

குடியிருப்பவர் அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்காக ரசீதும் உங்கள் பான் எண்ணும் கேட்டால் கொடுத்துவிடுங்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அவருக்கு அது கட்டாயம் தேவை.

காலி செய்கிற அன்று

முதல் நாளே வங்கிக்குப் போய் அந்த போர்ஷனின் வைப்புநிதியை முடித்துவிடுவேன். குடிவந்த அன்று எழுதிய தாளை எடுத்துக்கொண்டு மறுபடி அறை அறையாக நடப்போம். மின்விசிறி நான்கு, சாவி மூன்று, மீட்டர் ரீடிங். சுவர் அழுக்குக்கும் ஆணி ஓட்டைக்கும் நான் கழிப்பதில்லை, மனிதர்கள் குடியிருந்த வீட்டில் அது இருக்கத்தான் செய்யும். உடைந்தது இருந்தால் கடை விலையைக் காட்டிக் கழிப்பேன். லாரியில் சாமான் ஏற ஆரம்பிப்பதற்கு முன்னால் அட்வான்ஸ் அவர்கள் கணக்கில் ஏறியிருக்கும். பணம் வந்துவிட்டதா என்று அவர்கள் போனைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் சாவியைக் கையில் வாங்குவேன். அப்புறம் நோட்டில் தேதி எழுதி, அந்தப் பக்கத்துக்குக் கீழே கோடு போட்டு, பிளம்பர் அண்ணனுக்கு போன்.